பழைய வீட்டு மேல எவ்ளோ உசரம் போகலாம்? பாண்டி தமிழ் டவுன்ல நாங்க பட்டதும் பாத்ததும்

பாண்டியில தமிழ் டவுன்ல பழைய வீடு இருக்குன்னு சொன்னாலே ஜனங்க ரெண்டு விதமா பேசுவாங்க. ஒரு கட்சி, "ஐயோ அத மட்டும் இடிச்சிடாதீங்க, எவ்ளோ அழகு"ன்னு சொல்றவங்க, இவங்கள்ல முக்கால்வாசிப் பேரு லாஸ்பேட்டையிலயோ ரெட்டியார்பாளையத்துலயோ லிஃப்ட் வச்ச ஃப்ளாட்ல இருப்பாங்க. இன்னொரு கட்சி, "அந்த இடத்துல நாலு மாடி ஏத்துனா வாடகை மட்டுமே எவ்ளோ வரும், இன்னும் எதுக்கு ஓட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க"ன்னு கேக்குறவங்க, இவங்க பெரும்பாலும் சொந்தக்காரங்க, அதுலயும் பங்கு வர வேண்டியவங்க. நான் ரெண்டு பக்கமும் சேராம நடுவுல மாட்டுன ஆளு. வீட்டையும் இடிக்கக்கூடாது, ஆனா குடும்பத்துக்கு இடமும் வேணும், அதுல உயர வரம்பு, பாரம்பரியப் பட்டியல், தெருவோட தோற்றம்னு என்னென்ன வருதுன்னு தெரிஞ்சதைப் பூராவும் இங்க எழுதுறேன், இதே நிலைமையில இருக்குற யாருக்காவது உதவும்.

எங்க வீடு வைசியாள் வீதிக்குக் கொஞ்சம் தள்ளி. வெளியில தாழ்வாரம், அதுக்கு உள்ள திண்ணை, தேக்குக் கதவு, ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் நாட்டு ஓடு போட்ட சமையக்கட்டும் ஸ்டோர் ரூமும். முன்பக்கம் மட்டும் ஒரு மாடி உண்டு, அதுதான் நம்மூரு ஸ்பெஷல், கீழ அப்பட்டமான தமிழ் வீடு, மேல போனா வளைவு ஜன்னல், சுவர்ல ஒட்டுன அரைத்தூணு, கைப்பிடிச்சுவர்ல பானை மாதிரி உருண்டைக் கம்பி வரிசைன்னு பிரெஞ்சுக்காரன் வீடு. ஆயா இருந்த வரைக்கும் வீட்டைப் பத்தி யாரும் வாய் திறக்கல. அவங்க போனதும் ஆரம்பிச்சுது. பெரியப்பா அந்தக் காலத்துலயே சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவரு, அவரு பிள்ளைங்க எல்லாம் பிரான்ஸ்ல, அத்தை கடலூர் மஞ்சக்குப்பத்துல, சித்தப்பா மட்டும் எங்க கூட. வீட்டுக்கு வந்த ஒரு பில்டர் கீழ பார்க்கிங், மேல மாடி மாடியா ஃப்ளாட்டுன்னு பேப்பர்ல படம் போட்டே காட்டிட்டாரு, ஆளுக்கொரு ஃப்ளாட், கையில கொஞ்சம் பணம். பெரியப்பா பையன் பிரான்ஸ்லேருந்து வீடியோ கால்ல "நல்லாத்தானே இருக்கு"ங்குறாரு. எங்க சித்தப்பா மட்டும், "மொதல்ல கட்ட உடுவாங்களான்னு கேளுடா"ன்னாரு. அங்கதான் நான் இந்த விஷயத்துக்குள்ள இறங்குனது.

ஊரோட கதையக் கொஞ்சம் சொல்லாம உயரத்தப் பத்திப் பேச முடியாது. நம்ம ஊரோட நேர்க்கோட்டு வீதி எல்லாம் பிரெஞ்சுக்காரன் போட்டதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், 1693லேருந்து 1699 வரைக்கும் டச்சுக்காரன் கையில இருந்தப்ப போட்ட பிளான் அது, பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்து அதையே புடிச்சுக்கிட்டான். 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே தரைமட்டம் ஆக்கிட்டான், கொஞ்ச வருஷத்துல திரும்பக் கட்டுனப்பவும் அதே வீதிக் கோட்டு மேலதான் கட்டுனாங்க. கட்டடம் போச்சு, கோடு போகல. இதனால நமக்கு என்ன கெடச்சுதுன்னா, கிழக்கு மேற்கா ஓடுற வீதியில நின்னு கிழக்கப் பாத்தா கடைசியில கடல் ஒரு பட்டையா தெரியும். கடலோரமா இருக்குற பழைய பிரெஞ்சுப் பகுதி, ஒயிட் டவுன்ல, அந்தப் பட்டைதான் காட்சி. தெற்கு புல்வார்ல போனா 1907ல கட்டுன இருதய ஆண்டவர் கோயிலோட ரெட்டைக் கோபுரம் காட்சி. ஒயிட் டவுனையும் தமிழ் டவுனையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்க நம்ம பக்கம் அப்படி ஒத்தையா எதுவும் எடுப்பா நிக்காது, இங்க காட்சின்னா வரிசைதான். தாழ்வாரம் தாழ்வாரமா, ஒண்ணுக்கொண்ணு தோள் உரசிக்கிட்டு ஒரே உசரத்துல போற கூரை வரிசை. பந்தியில ஒருத்தர் மட்டும் நாற்காலி போட்டு உக்காந்தா எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த வரிசையில ஒரு நாலு மாடி.

இத நம்பாதவங்க வைசியாள் வீதிய ஒருவாட்டி நடந்து பாருங்க. 2000க்கு அப்புறம் ஐரோப்பிய யூனியன் உதவியோட இன்டாக்ங்குற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஆளுங்களும் அரசும் சேந்து அங்க வீட்டு முகப்புகளச் சரி பண்ணுனாங்க, இடிஞ்ச தாழ்வாரத்த எல்லாம் திரும்ப எழுப்பி, 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருதும் வந்துச்சு. அந்த வீதியில தனித்தனியா பாத்தா பல வீடு சாதாரண வீடுதான். விருது அந்த வரிசைக்கு.

ஆனா உயர வரம்பு ஒண்ணு இருந்துட்டா பழைய கட்டடம் பொழைச்சுக்கும்னு நெனச்சா அது ஏமாத்து. மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சிக் கட்டடம், என்னாச்சு? 1870 வாக்குல கட்டுனது, பீச் ரோட்டுல, அதுமேல யாரும் மாடி ஏத்தல, பக்கத்துல யாரும் டவர் கட்டல. 2014 நவம்பர் மழையில தானா விழுந்துச்சு. அப்புறம் உலக வங்கிக் கடன் உதவியில பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க, இப்ப பாக்குறதுக்கு அழகாத்தான் இருக்கு, நான் குறை சொல்லல, ஆனா அது புதுக் கட்டடம். அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதின்னா, பங்காளிங்க சண்டையில பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு என்ன கதி. மாடி ஏத்த உடலைன்னா சில பேரு என்ன பண்றாங்க தெரியுமா, ஓட்டுல நாலு ஓட்ட எடுத்து உட்டுட்டு ரெண்டு ஐப்பசி கார்த்திகை காத்திருக்காங்க. மழையே இடிச்சுக் குடுத்துடும். அப்புறம் "அபாயகரமான கட்டடம்"னு பேப்பர் வாங்கிக்கலாம். இத நான் கண்ணால பாத்திருக்கேன், வீதி பேரு சொல்லல.

சரி, விதிக்கு வர்றேன். இதுல குழப்பம் ஏன் வருதுன்னா, உயரம்ங்குற ஒரே விஷயத்த நாலு பேரு நாலு பக்கத்துலேருந்து புடிக்கிறாங்க. பிளான் அனுமதி திட்டக் குழுமத்துல. வீடு பாரம்பரியப் பட்டியல்ல இருந்தா, அல்லது பாரம்பரியப் பகுதிக்குள்ள வந்தா, பாரம்பரியப் பாதுகாப்பு ஆலோசனைக் கமிட்டி பாக்கணும், பட்டியல்லயும் கிரேடு இருக்கு, கிரேடு பொறுத்து முகப்பு மட்டும் தொடக்கூடாதா உள்ள சுவரும் தொடக்கூடாதாங்குறது மாறும். கடல் பக்கம்னா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட், உச்ச அலைக் கோட்டுலேருந்து 500 மீட்டர் வரைக்கும். இது போக தீயணைப்பு, நகராட்சி.

இதுல பல பேரு தொல்லியல் துறை விதியக் கொண்டாந்து சேத்துக் குழப்புறாங்க. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னத்துக்குச் சுத்தி 100 மீட்டர் கட்டவே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டணும்ங்குறது 2010ல வந்த திருத்தம். அது அரிக்கமேடு, பாகூர் மூலநாதர் கோயில், திருபுவனை பெருமாள் கோயில் மாதிரி இடத்துக்கு. நம்ம வீதியில பழைய வீடு நெறைய இருக்குங்குறதுக்காக அந்த 100 மீட்டர் கணக்கு இங்க வராது. ஒரு புரோக்கர் இதச் சொல்லியே ஒரு வீட்டு விலையக் கொறச்சுக் கேட்டாரு.

எவ்ளோ மீட்டர்னு நம்பர் கேக்காதீங்க, அது மண்டலத்துக்கு மண்டலம் வேற, திருத்தமும் வந்துக்கிட்டே இருக்கும், வாட்ஸ்அப்ல வந்த நம்பர வச்சு அட்வான்ஸ் வாங்குனவங்க கதை இருக்கு. ஆனா கேக்க வேண்டிய கேள்வி மாறாது. உயரம் எங்கேருந்து எங்க வரைக்கும் அளக்குறீங்க? ரோட்டு மட்டத்துலேருந்தா, வீட்டு அஸ்திவார மட்டத்துலேருந்தா? நம்ம வீதியெல்லாம் ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு ஏறிடுச்சு, திண்ணைக்கு ஏறுன படி பாதி புதைஞ்சு கெடக்கு, அதனால இந்தக் கேள்வி சின்ன விஷயம் இல்ல. கைப்பிடிச்சுவர் சேருமா? மாடிப்படி ஹெட்ரூம், அதாவது படி மொட்டை மாடியில முடியிற இடத்துல வர்ற அறை? லிஃப்ட் ரூம்? தண்ணி டேங்க்? சோலார் ஹீட்டர்? பல ஊரு விதியில இதெல்லாம் உயரக் கணக்குல சேராது. பேப்பர்ல சேராம இருக்கலாம், வீதியில நிக்கிறவன் கண்ணுக்குச் சேருது. இதுதான் எனக்கு இந்த விஷயம் பூரா உறுத்துன இடம். எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க, கவுண்டர்ல வாயால சொல்றது நாளைக்கு வேற ஆளு உக்காந்தா மாறும்.

எங்களுக்குக் கெடச்ச ஆர்க்கிடெக்ட் பொண்ணு, சின்ன வயசு, ரொம்பப் பேசாது. வீட்டச் சுத்திப் பாத்துட்டு, "அங்கிள், முன்பக்கம் எதையும் தொட வேணாம், பின்னாடி ஓட்டுக் கட்டு இருக்குற இடத்துல எவ்ளோ ஏறலாம்னு பாப்போம், மொதல்ல சவுக்குக் கம்பு வேணும்"னுச்சு. எதுக்கும்மான்னேன். "கட்டுறதுக்கு முன்னாடியே கட்டுனா எப்படித் தெரியும்னு பாத்துடலாம்." சுவிட்சர்லாந்துல பெரும்பாலான இடத்துல இது சட்டமே, கட்டப்போற உசரத்துக்குக் கம்பத்த நட்டுக் காட்டணும், தெருக்காரங்க பாத்துட்டு ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்.

மேஸ்திரி அண்ணன் பந்தல்காரர்கிட்ட சொல்லி நீளச் சவுக்கு வரவச்சாரு. பின்கட்டோட நாலு மூலையிலயும் சாரம் மாதிரி கட்டி, மேல தளம் வர்ற உசரத்துல ஒரு மஞ்சத் துணி, கைப்பிடிச்சுவர் முடியிற இடத்துல பச்சை, ஹெட்ரூம் டேங்க் எல்லாம் சேத்து வர்ற உச்சியில செவப்பு. காத்து இல்லாத காலை நேரமாப் பாத்துக் கட்டணும், பத்து மணிக்கு மேல கடக்காத்து வந்தா கம்பு ஆடும், போட்டோவும் வீணு, ஆளுக்கும் ஆபத்து. பக்கத்து வீட்டு அம்மா, "என்ன தம்பி, கொடியேத்தமா"ன்னாங்க.

அப்புறம் வீதியில நடந்தோம். போன்ல ஜூம் பண்ணாம, கண்ணு மட்டத்துல வச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு போட்டோ. இடம் தேர்ந்தெடுக்குறதுல ஒரு முறை இருக்கு. மொதல்ல எதிர் வீட்டுச் சுவர ஒட்டி நின்னு. அடுத்து வீதியோட ரெண்டு முனையிலயும். அப்புறம் ஜனங்க நிஜமாவே நிக்கிற இடம், எங்களுக்கு அது கோயில் வாசலும் டீக்கடையும். பின்வீதியிலேருந்தும் பாக்கணும், ஏன்னா நம்ம பின்பக்கம் அவங்களுக்கு முன்பக்கத்துக் காட்சி.

எதிர்ச் சுவர்ல சாஞ்சு நின்னா ஒரு துணியும் தெரியல. இதுக்குக் கணக்கு லேசு. எங்க வீதி சுவருக்குச் சுவர் 7 மீட்டர், மனுஷன் கண்ணு ஒண்ணரை மீட்டர், எங்க முன்மாடிக் கைப்பிடிச்சுவர் உச்சி எட்டரை மீட்டர். 7 மீட்டர் தூரத்துக்கு 7 மீட்டர் ஏறுது பார்வை, அதனால முகப்புலேருந்து ஒரு மீட்டர் பின்னாடி தள்ளுனா ஒரு மீட்டர் உசத்தலாம், தெரியாது. இதுவே முன்னாடி மாடி இல்லாத வீடு, அஞ்சு மீட்டர் உசரம்தான்னு வைங்க, 7 மீட்டருக்கு மூணரைதான் ஏறுது, ஒரு மீட்டர் உசத்த ரெண்டு மீட்டர் பின்னாடி போகணும். குட்டை வீட்டுக்காரனுக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி, ஒரே உயர வரம்பு எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னாலும் வீதிக்கு அது ஒண்ணு இல்ல. உங்க வீதி அகலத்தையும் முகப்பு உசரத்தையும் டேப் வச்சு அளந்து இந்தக் கணக்க நீங்களே போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

எதிர்ல நின்னு பாத்துட்டு சித்தப்பா "அவ்ளோதான், முடிஞ்சுது"ன்னு கெளம்பிட்டாரு. அந்தப் பொண்ணு உடல. கிழக்கு முனைக்குப் போனோம். எங்களுக்குக் கிழக்கால ரெண்டு வீடு வெறும் ஓட்டு வீடு, மாடி கெடையாது. அந்த ஓட்டுக் கூரைக்கு மேல எங்க பின்கட்டு பளிச்சுன்னு. மஞ்சத் துணி கூரைக்குப் பின்னாடி மறைஞ்சுது, பச்சையில பாதி தெரிஞ்சுது, செவப்பு முழுசா வானத்துல நின்னுச்சு. அதாவது நாங்க கட்ட நெனச்ச ரெண்டு மாடியும் பிரச்சனை இல்ல, அதுக்கு மேல வர்ற கைப்பிடிச்சுவரும் ஹெட்ரூமும் டேங்கும்தான் வீதியக் கெடுக்குது. அதுலயும் விதிப்படி உயரக் கணக்குல வராம போக வாய்ப்புள்ள சாமான்தான் காட்சியில மொதல்ல வருது.

இதுக்குத் தீர்வு சின்னச் சின்னதா வந்துச்சு. மேல் மாடி உள்கூரை உசரத்தக் கொறச்சோம், ஆனா தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கிற அறைக்கு 2.75 மீட்டராவது வேணும்னு சொல்லுது, அதுக்குக் கீழ போக முடியாது, போனா பாண்டி வெயில்ல வெந்துடுவோம். சுவர் வச்ச கைப்பிடிய எடுத்துட்டு மெலிசா இரும்புக் கிராதி. மொட்டை மாடிக்குப் படிக்கட்டு அறையே வேணாம், மூடி போட்ட ஓட்டை, அதுல ஒரு சாய்வு ஏணி. அண்ணி இதுக்கு ரொம்பக் கோவப்பட்டாங்க, வத்தல் காயப்போட ஏணியில ஏறணுமான்னு. நியாயம்தான். முதல் மாடியிலயே தெற்குப் பக்கம் ஒரு சின்ன வெயில் தளம் உட்டுக் குடுத்தோம்.

டேங்க்தான் பெரிய சண்டை. பிளம்பர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு, உச்சியில வச்சாத்தான் பிரஷர் வரும்னு. தமிழ் டவுன் பூராவும் ஏதாவது மொட்டை மாடி ஏறிப் பாருங்க, கறுப்பு சின்டெக்ஸ்தான் நம்மளோட கோபுரம். நாங்க டேங்க முதல் மாடி பாத்ரூமுக்கு மேல தாழ வச்சுட்டு, மேல் மாடிக்கு மட்டும் சின்ன பிரஷர் பம்ப் போட்டோம். கரண்ட் போனா மேல தண்ணி வராது, அதுக்கு இன்வர்ட்டர் லைன் குடுத்தாச்சு. செலவு இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா ஒரு மாடிய எடுக்குற செலவோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல.

ஒயிட் டவுன்ல இந்தக் கூத்து வேற மாதிரி. அங்க மாடி ஏத்துறது கஷ்டம், அதனால மொட்டை மாடியில இரும்புக் கம்பி நட்டு ஷீட்டு போட்டு ரூஃப்டாப் ரெஸ்டாரண்ட், கேட்டா "தற்காலிகம்"பாங்க. துய்மா வீதியில வளைவு கேட்டையும் காகிதப்பூவையும் படம் புடிக்கிற டூரிஸ்ட்டு கேமராவக் கொஞ்சம் மேல தூக்குனா நீலக் கலர் ஷீட்டு, ஏசி அவுட்டோர், சீரியல் லைட்டு. புயலுக்கும் இது ஆகாது. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரை ஏறுனப்ப எங்க பக்கம் பறந்ததுல ஷீட்டுதான் ஜாஸ்தி, பக்கத்து வீட்டு ஓட்டயும் சேத்து ஒடச்சுட்டுப் போச்சு.

மத்த ஊர்ல எப்படிப் பண்றாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு, தட்டையா ஒரு நம்பர். மதுரையில மீனாட்சியம்மன் கோயிலச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர்னு விதி, அது மீறப்பட்டு கோர்ட்டு வரைக்கும் போன கதையும் உண்டு. பாரிஸ்ல 1973ல மோன்பர்னாஸ் டவர் 200 மீட்டருக்கு மேல எழும்பி நின்னதும் ஜனங்க கொதிச்சுட்டாங்க, 1977ல 37 மீட்டருக்கு மேல கூடாதுன்னாங்க, 2010ல சில இடத்துக்குத் தளர்த்துனாங்க, 2023ல திரும்ப 37க்கே வந்துட்டாங்க. இன்னொரு வழி, பார்வைக் கோடு. லண்டன்ல செயின்ட் பால் கதீட்ரல் தெரியணும்னு 1930கள்லயே உயரக் கட்டுப்பாடு, ரிச்மண்ட் பார்க் மேட்டுலேருந்து 16 கிலோமீட்டர் தாண்டி அந்தக் குவிமாடம் தெரியுற ஒரு கோட்டையே காப்பாத்துறாங்க. அப்பவும் 2016ல என்னாச்சுன்னா, கதீட்ரலுக்கு முன்னாடி எதுவும் வரல, பின்னாடி பல கிலோமீட்டர் தள்ளி ஒரு டவர் எழும்பி, குவிமாடத்துக்குப் பின்னாடி வானம் போயிடுச்சு. இது நமக்கு நேரடியாப் பொருந்தும். எங்க முன்மாடி வளைவுக்குப் பின்னாடி நீல வானம் இருக்குற வரைக்கும்தான் அந்த வளைவு எடுப்பு. அடுத்த வீதிக்காரன் கட்டுனா எங்க முகப்புதான் கெடும், அவன் வீதிக்கு ஒண்ணும் ஆகாது, அதனால ஆட்சேபம் சொல்லவும் அங்க யாருக்கும் தோணாது.

என் அபிப்பிராயம், தட்டை நம்பர் அமல்படுத்துறதுக்கு லேசு, டேப் வச்சாப் போதும், அதனால அது இருக்கட்டும். ஆனா அதுகூட முக்கியமான வீதிகளுக்காவது முனையிலேருந்து பாத்தா என்ன தெரியுதுங்குற படம் கேக்கணும். கம்பு கட்டிப் போட்டோ எடுக்க என்ன பெரிய செலவு.

இப்ப உள்ள பக்கம். பழைய சுவர் மேல நேரா மாடி ஏத்தாதீங்க, உயர அனுமதி கெடச்சாலும் சுவர் அனுமதி குடுக்காது. எங்க சுவர் ஒண்ணரை அடி கனம், பாக்க யானை மாதிரி, ஆனா உள்ள சுண்ணாம்பும் மண்ணும். முன்பக்கத் தளம் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரம் மேல சின்னச் செங்கல்ல நிக்க வச்சுச் சாய்வா அடுக்கி சுண்ணாம்புல புடிச்சது, அதுமேல கான்கிரீட் பாரம் ஏத்தவே கூடாது. மேஸ்திரி அண்ணன் சுவத்தத் தட்டிப் பாத்தே சொல்லிட்டாரு, கீழ நாலடி வரைக்கும் சத்தம் வேற மாதிரி வருதுன்னு. முன்னாடி ஒருத்தர் ஓதம் வருதுன்னு அந்த நாலடிக்கும் சிமெண்ட் பூசியிருக்காரு, ஓதம் வெளிய வர வழியில்லாம உள்ள ஏறி, உப்புப் பூத்து, செங்கல் மாவாயிருக்கு. சிமெண்ட்ட உரிச்சுட்டு கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசுனோம், கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியில அடிச்ச சுண்ணாம்பு. அது தெரிஞ்ச கொத்தனார் இன்னும் இருக்காங்க, ஆனா கூப்புட்ட உடனே வர மாட்டாங்க, கோயில் வேலைக்குப் போயிருப்பாங்க, காத்திருக்கணும்.

பின்கட்டுப் புது மாடிக்கு அஸ்திவாரமே தனி, தூணும் தனி, பழைய சுவத்துக்கும் புதுசுக்கும் நடுவுல இடைவெளி. பழைய சுவர ஒட்டிப் பள்ளம் தோண்டுறப்ப ஒரே நேரத்துல நீளமாத் தோண்டக் கூடாது, துண்டு துண்டாத் தோண்டி மூடிக்கிட்டே வரணும். கடக்காத்துல கம்பி துருப்புடிக்கிற ஊரு இது, கம்பிக்கு மேல கான்கிரீட் மூடற கனத்துல கஞ்சத்தனம் வேணாம். கூரை சம்பந்தப்பட்ட வேலைய மாசியில ஆரம்பிச்சு ஆடிக்குள்ள முடிங்க. ஐப்பசிக்கு ஓட்டப் பிரிச்சுப் போட்டா வீடு போச்சுன்னு வைங்க, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில கொட்டுன மாதிரி ஒரு ராத்திரி போதும்.

பணம் விஷயத்த நேராப் பேசணும். பட்டியல்ல இருக்குற வீட்டுக்காரன் நாலு மாடி கட்ட முடியாம இழக்குறது நிஜமான காசு. ஊருக்கே அழகு, டூரிஸ்ட்டு வர்றான், ஹோட்டல்காரன் சம்பாதிக்கிறான், ஓடு மாத்துற செலவு மட்டும் எங்க ஆயா பென்ஷன்லேருந்து போச்சு. மும்பையில 1995லயே பாரம்பரிய விதியில ஒரு வழி வச்சாங்க, இங்க கட்ட முடியாத பரப்ப உரிமையா எழுதிக் குடுத்துடுவாங்க, அத வேற இடத்துல கட்டுற பில்டருக்கு விக்கலாம். அகமதாபாத்துலயும் பழைய மரவீட்டுக்காரங்களுக்கு அப்படி உண்டு. அந்தக் காச வீட்டு ரிப்பேருக்குப் போடலாம். வெறும் தடை மட்டும் போட்டா அது வீட்டக் காப்பாத்தாது, மழைக்கு வேலை குடுக்கும், அவ்ளோதான்.

குடும்பத்துல எப்படித் தீந்துச்சுன்னா, மாடிக் கணக்க உட்டுட்டு வருமானக் கணக்குக்கு வந்தோம். பில்டர் சொன்ன பார்க்கிங், செட்பேக் (சுத்தி உட வேண்டிய காலி இடம்), லிஃப்ட், அவரு பங்கு எல்லாம் கழிச்சா ஆளுக்கு வர்ற சதுர அடி படத்துல இருந்த மாதிரி இல்ல. முன்பக்கத்தயும் முற்றத்தயும் தங்குற விடுதிக்காரங்களுக்கு நீண்ட கால வாடகைக்கு உட்டு, பின்கட்டு ரெண்டு மாடியில நாங்களும் சித்தப்பாவும் இருந்துக்கிட்டு, வாடகையப் பங்கு வச்சுக்கிறதுன்னு ஆச்சு. பிரான்ஸ் பங்காளிங்க கையெழுத்துக்குப் பவர் பத்திரம் ஆரம்பத்துலயே வாங்கி வச்சுடுங்க, பாதி வேலையில ஒருத்தர் மனசு மாறுனா சாரத்தோட நிக்கும். அத்தைதான் கடைசியா ஒத்துக்கிட்டாங்க. "எங்க ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் ஏதுடா, அவனவன் இஷ்டத்துக்குக் கட்டுறான்"னாங்க. கடலூர்ல தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில இப்ப என்ன மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு வந்தவங்களுக்கு அதுக்குப் பதில் தெரியும், அத்தைகிட்ட நான் சொல்லல, கையெழுத்து வேணுமே.

ஃபைல் குடுக்கறப்ப வழக்கமான பிளானோட சேத்து நாங்க வச்சது: முகப்போட அளவெடுத்த படம், பழைய போட்டோ (ஆயா கல்யாணப் படத்துலயே தாழ்வாரம் முழுசா இருந்துச்சு), வீதிய வெட்டுனா எப்படித் தெரியும்ங்குற குறுக்குவெட்டுப் படம், அதுல கண்ணுலேருந்து ஒரு கோடு, அப்புறம் கம்புத் துணியோட போட்டோ எல்லாம், எங்க நின்னு எடுத்ததுன்னு வரைபடத்துல புள்ளி வச்சு. கமிட்டியில வந்த கேள்வி உயரத்தப் பத்தி வரவே இல்ல. பின்கட்டு ஜன்னல் படுக்கை வாக்குல அகலமா இருக்கு, இந்த வீதி ஜன்னல் எல்லாம் நெட்டுக்குத்தா ஒடுக்கமா இருக்கும், மாத்துங்கன்னாங்க. முனையிலேருந்து அந்த ஜன்னல் கொஞ்சம் தெரியும்ங்குறது எங்க போட்டோவ வச்சே அவங்க கண்டுபிடிச்சது. சித்தப்பாவுக்கு அது பொறுக்கல, நாமளே காட்டிக் குடுத்துட்டோமேன்னு. மாத்திக் குடுத்தோம், ஆர்டர் வந்துச்சு.

இன்னும் லிஃப்ட் பாக்கி. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, ரெண்டு மாடி ஏற முடியல. உச்சியில மெஷின் ரூம் இல்லாத சின்ன வகை லிஃப்ட்டு வருது, அதுக்கும் மேல தலைக்கு இடம் வேணும், அந்த இடம் பச்சைத் துணி உசரத்தத் தாண்டுமான்னுதான் இப்ப பாத்துக்கிட்டு இருக்கோம். மூணு கம்பெனி வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க, ஒவ்வொருத்தரும் ஒரு அளவு சொல்றாங்க. நீங்க கட்டுறதா இருந்தா பிளான் போடுறப்பவே லிஃப்ட்டுக் குழிக்கும் மேல்தலைக்கும் கம்பெனி அளவ எழுத்துல வாங்கி, அதுக்கும் சேத்து ஒரு துணியக் கட்டிப் பாருங்க.